களப்பயிற்சியை நீக்காதீர்கள்: முதுநிலைப் பாடத்திட்டக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய சமூக அறிவியல் முதுநிலைப் பாடத்திட்டக் குழு உறுப்பினர்களுக்கு,

வரும் கல்வியாண்டு முதல் 'பண்புசார் ஆய்வு முறைகள்' என்னும் தனிப்பாடத்தை நீக்கி, அதை 'ஆய்வு முறையியல்' என்ற பொதுப்பாடத்தின் ஓர் அலகாகச் சுருக்கவும், களப்பயிற்சிக்குப் பதிலாக மென்பொருள் பயிலரங்கு ஒன்றை நடத்தவும், மாணவர்கள் கற்றதைக் கொள்குறி வினாத் தேர்வால் மதிப்பிடவும் தாங்கள் எடுத்துச் சுற்றறிக்கையில் அறிவித்துள்ள முடிவை ஏற்க இயலாமல் இம்மடலை எழுதுகிறேன். நேர்காணலை அடிப்படையாகக் கொண்ட ஆய்வேடு ஒவ்வொன்றிலும் குறைந்தது 30 நேர்காணல்கள் இருக்க வேண்டும் என்றும், குறியிடலில், அதாவது நேர்காணல் எழுத்துப்படியின் பகுதிகளுக்கு அவற்றின் பொருளைச் சுட்டும் பெயரிடுவதில், இருவருக்கிடையே உள்ள உடன்பாட்டை எண்ணால் காட்ட வேண்டும் என்றும் அதே சுற்றறிக்கையில் ஒரு விதியும் சேர்க்கப்பட்டிருக்கிறது. பாடத்தைச் சுருக்குவதும் விதியைப் புகுத்துவதும் வெவ்வேறு முடிவுகளாகத் தோன்றலாம். இரண்டுக்கும் வேர் ஒன்றே: மனிதர்களின் பேச்சையும் அனுபவத்தையும் எண்ணாக்காமல் ஆராயும் பண்புசார் ஆய்வு என்பது மனப்பாடம் செய்யத்தக்க சில வரையறைகளும் எண்ணிச் சரிபார்க்கத்தக்க சில படிகளும்தான் என்ற கருத்து. அக்கருத்து தவறானது என்பதையும், அதன் விலையை மாணவர்களும் அவர்களிடம் மனம் திறந்து பேசும் மனிதர்களும் கொடுக்க நேரும் என்பதையும் தங்கள் முன் வைக்க விரும்புகிறேன்.

இத்துறையில் முதுநிலைப் பட்டம் பெற்றவள் நான். தாங்கள் நீக்க இருக்கும் அந்தப் பாடத்தில் கற்றதைக் கொண்டே இன்று முனைவர் பட்ட ஆய்வைச் செய்துவருகிறேன். அதனுடன், ஆய்வேடு எழுதும் முதுநிலை மாணவர்களுக்கு முறையியல் இயலில் துணைபுரியும் பணியும் எனக்குத் தரப்பட்டிருக்கிறது. ஆகவே அந்தப் பாடம் என்ன கொடுத்தது என்பதையும், அது முறையாகக் கிடைக்காத மாணவர்கள் எங்கே திணறுகிறார்கள் என்பதையும் நேரில் கண்டே எழுதுகிறேன்.

அந்தப் பாடத்தின் உயிர் விரிவுரைகளில் இருக்கவில்லை. ஒவ்வொரு மாணவரும் ஒருவரை நேர்காண வேண்டும். அந்த ஒலிப்பதிவைத் தாமே எழுத்தாக்க வேண்டும். எழுத்தாக்கிய படியை வகுப்பில் எல்லோர் முன்னும் வைக்க வேண்டும். ஆசிரியரும் சக மாணவர்களும் அதை வரிவரியாகப் படிப்பார்கள். இவ்வளவுதான் அந்தப் பாடம். ஆனால் இதற்கு ஈடான ஒன்றை எந்தப் பாடநூலிலும் நான் பிறகு காணவில்லை.

முதிய பெற்றோரை வீட்டில் வைத்துப் பராமரிப்போரைப் பற்றி எங்கள் வகுப்பினர் சிலர் ஆய்வு செய்தார்கள். ஒரு படியில், "இந்தப் பொறுப்பு உங்களுக்குச் சுமையாக இருக்கிறதா?" என்பது கேள்வி. "அப்படியெல்லாம் இல்லை, அம்மாதானே" என்பது பதில். அதன்பின் நீண்ட மௌனம் என்று குறிக்கப்பட்டிருந்தது. அடுத்த வரியில் வேறொரு கேள்வி தொடங்கியிருந்தது. ஆசிரியர் எந்தக் குறையும் சொல்லவில்லை. கேள்வி கேட்டவரின் வரிகளை மட்டும் தனியாகப் படிக்கச் சொன்னார். படித்தபோது, சுமை என்ற எண்ணத்தை அந்தப் பெண்மணியின் முன் வைத்தது கேள்விதான் என்பதும், பெற்ற தாயைச் சுமை என்று ஒப்புக்கொள்வதா மறுப்பதா என்ற இக்கட்டில் அவரை நிறுத்தியதும் அதுவே என்பதும், மறுத்த பிறகு அவர் எதையோ சொல்ல வாயெடுத்திருக்கக்கூடிய அந்த மௌனத்தை அடுத்த கேள்வி மூடிவிட்டது என்பதும் எங்களுக்குத் தாமாகவே விளங்கின. பிறகு அதே தலைப்பில் இன்னொருவர் நடத்திய நேர்காணலைப் படித்தோம். "நேற்று காலை எழுந்ததிலிருந்து நடந்ததைச் சொல்லுங்கள்" என்று அவர் கேட்டிருந்தார். பதில் பல பக்கங்களுக்கு நீண்டது. மருந்து வேளைகள், தூக்கமின்மை, உடன்பிறந்தோர் மேல் உள்ள மனத்தாங்கல், அதைச் சொல்வதில் உள்ள கூச்சம் எல்லாம் கேட்காமலேயே வந்திருந்தன. வழிநடத்தும் கேள்விக்கும் திறந்த கேள்விக்கும் உள்ள வேறுபாட்டைக் கொள்குறி வினாவில் சரியாகக் குறிக்க எவராலும் முடியும். எதிரே ஒருவர் அமர்ந்திருக்கும்போது, மௌனத்தைப் பொறுத்துக்கொண்டு காத்திருக்கும் திறனை அந்தத் தேர்வு எப்படி அளக்கும் என்று தங்களைக் கேட்கிறேன்.

இந்தத் துறையின் வரலாறே இதற்குச் சான்று. அமெரிக்கச் சமூகவியலாளர் வில்லியம் ஃபுட் வைட் பாஸ்டன் நகரத்தின் இத்தாலியக் குடியேறிகள் வாழ்ந்த பகுதியில் தங்கி ஆராய்ந்து எழுதிய நூல் 1943இல் வெளிவந்தது. அந்த ஆய்வை உண்மையில் எப்படிச் செய்தார் என்பதை அவர் விரிவாக எழுதியது 1955ஆம் ஆண்டுப் பதிப்பின் பின்னிணைப்பில்தான். கேள்விகளை அடுக்குவதை நிறுத்திவிட்டு அவர்களோடு சும்மா இருந்தாலே காலப்போக்கில் விடைகள் கிடைத்துவிடும் என்று களத்தில் அவருக்குத் துணைநின்றவர் அறிவுரை கூறியதும், கேட்க வேண்டும் என்று தமக்குத் தோன்றியே இராத கேள்விகளுக்கும் அப்படி விடை கிடைத்ததாக வைட் உணர்ந்ததும் அதில் பதிவாகியிருக்கின்றன. கண்டறிந்தவை நூலாக வந்து பன்னிரண்டு ஆண்டுகள் கழித்தே கண்டறிந்த வழி எழுத்தில் வந்தது. அதிலும் பெரும்பகுதியை அவருக்குக் களமே சொல்லித்தந்தது. இத்தகைய அறிவு பெரும்பாலும் ஒருவர் வேலையை இன்னொருவர் அருகிருந்து பார்த்துத் திருத்துவதன் வழியாகவே கைமாறுகிறது.

ஒலிப்பதிவை எழுத்தாக்குவதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் அது 'தானியங்கிச் செயலிகள் செய்துவிடக்கூடிய எழுத்தர் வேலை' என்று சுற்றறிக்கையில் குறிப்பிடப்பட்டிருக்கிறது. ஒரு மணி நேரப் பதிவைக் கவனமாக எழுத்தாக்கப் பொதுவாக நான்கு முதல் ஆறு மணி நேரம் ஆகும். பலர் ஒரே நேரத்தில் பேசும் குழுக் கலந்துரையாடல் என்றால் இன்னும் கூடும். அது வீணான நேரம் என்று தாங்கள் கருதுகிறீர்கள். அந்த நேரத்தில்தான் ஆய்வாளர் தம் குரலைத் தாமே கேட்கிறார். தாம் எங்கே இடைமறித்தார், எங்கே அவசரப்பட்டார், எந்தச் சொல்லுக்குப் பிறகு எதிரிலிருப்பவரின் குரல் தாழ்ந்தது என்பதையெல்லாம் அறிகிறார். பகுப்பாய்வு அங்கேயே தொடங்கிவிடுகிறது. இப்போது என்னிடம் வரும் படிகள் பலவற்றில் மௌனமும் இல்லை, சிரிப்பும் இல்லை, பெருமூச்சும் இல்லை. செயலி தந்த வாக்கியங்கள் சீராக அடுக்கப்பட்டிருக்கின்றன. "இவர் இதைச் சொல்லும்போது எப்படிச் சொன்னார்?" என்று கேட்டால், தாமே நேரில் எடுத்த நேர்காணலைப் பற்றியும் மாணவரால் விடை சொல்ல முடிவதில்லை. செயலிகளைப் பயன்படுத்தவே கூடாது என்பது என் வாதமன்று. சில படிகளையாவது தம் கையால் எழுத்தாக்கிய ஒருவருக்குத்தான், செயலி எதை விட்டுவிடுகிறது என்பது தெரியும்.

மென்பொருளுக்கு வருகிறேன். என்விவோ, அட்லஸ் டிஐ, மேக்ஸ்கியூடிஏ போன்றவை பயனுள்ள கருவிகள். நானும் ஒன்றைப் பயன்படுத்துகிறேன். அவை பகுதிகளைச் சேமிக்கும், தேடித்தரும், ஒப்பிட்டுக் காட்டும். ஒரு பகுதிக்கு என்ன பொருள் என்பதை முடிவு செய்வது ஆய்வாளரின் வேலை. பயிலரங்கில் எந்தப் பொத்தானை அழுத்துவது என்று மட்டும் கற்றுவந்த மாணவர்களின் கோப்புகளைத் திறந்தால், நேர்காணல் வினாநிரலின் தலைப்புகளே குறியீடுகளாக நிற்கின்றன. வருமானம் பற்றிக் கேட்டார்கள், வருமானம் என்று குறியிட்டார்கள். குடும்பம் பற்றிக் கேட்டார்கள், குடும்பம் என்று குறியிட்டார்கள். கடைசியில் "ஐந்து கருப்பொருள்கள் வெளிப்பட்டன" என்று ஆய்வேட்டில் ஒரு வரி வருகிறது. தாம் கேட்டதையே திரும்ப எண்ணித் தந்திருக்கிறார்கள் என்பதை அவர்களுக்கு எவரும் காட்டவில்லை. வர்ஜீனியா பிரவுனும் விக்டோரியா கிளார்க்கும் கருப்பொருள் பகுப்பாய்வை ஆறு கட்டங்களாக விளக்கிய 2006ஆம் ஆண்டுக் கட்டுரையைத்தான் ஏறக்குறைய எல்லா மாணவர்களும் மேற்கோள் காட்டுகிறார்கள். அந்தக் கட்டங்களைச் செய்முறைக் குறிப்பைப்போல் பின்பற்றக் கூடாது என்றும், கருப்பொருள்கள் தரவுக்குள் ஒளிந்திருந்து தாமாக வெளிவருவதில்லை, ஆய்வாளரே அவற்றை உருவாக்குகிறார் என்றும் அந்த ஆசிரியர்களே பிற்பாடு மீண்டும் மீண்டும் எழுத வேண்டி வந்தது. இவ்வளவு தெளிவாக எழுதப்பட்ட ஒரு வழிகாட்டியே இப்படித் தவறாகப் படிக்கப்படும்போது, சில விரிவுரைகளையும் ஒரு பயிலரங்கையும் நம்பி மாணவர்களை ஆய்வேட்டுக்கு அனுப்புவது எவ்வகையில் நியாயம்?

உடன்பாட்டை எண்ணால் காட்ட வேண்டும் என்ற விதி இந்த நிலையை இன்னும் மோசமாக்கும். தற்செயலாக நேரக்கூடிய உடன்பாட்டைக் கழித்துவிட்டு இருவரின் உடன்பாட்டை எண்ணாகத் தரும், ஜேக்கப் கோஹன் 1960இல் முன்வைத்த கப்பா அளவை போன்றவற்றுக்கு உரிய இடம் உண்டு. வரையறுத்த குறியீட்டு ஏட்டை வைத்துக்கொண்டு பலர் சேர்ந்து பெருந்தொகையான பகுதிகளைக் குறியிடும்போது, எல்லோரும் வரையறையை ஒன்றுபோலப் பயன்படுத்துகிறார்களா என்று பார்க்க அது உதவும். ஆய்வாளரின் ஆழ்ந்த வாசிப்பையே கருவியாகக் கொண்ட மரபுகளுக்கு அது பொருந்தாது. விதி நடைமுறைக்கு வருமுன்பே, நெறியாளர் ஒருவர் இந்த எண்ணைக் கேட்டதால் ஒரு மாணவி என்ன செய்தார் என்பதை நான் பார்த்தேன். தோழி ஒருவரிடம் சில பக்கங்களைக் கொடுத்துக் குறியிடச் சொன்னார். உடன்பாடு குறைவாக வந்தது. எண்ணை உயர்த்துவதற்காக, யார் பார்த்தாலும் ஒன்றுபோலவே அடையாளம் காணக்கூடிய குறியீடுகளை மட்டும் வைத்துக்கொண்டார்: குடும்பம், பணம், உடல்நலம். 'கடமையைச் சொல்லிக் களைப்பை மறைத்தல்' என்று அவர் எழுதியிருந்த குறியீடு, களத்தில் பல மாதங்கள் இருந்தவருக்கு மட்டுமே கிடைத்திருக்கக்கூடிய அந்தக் குறியீடு, நீக்கப்பட்டுவிட்டது. எண் உயர்ந்தது, ஆய்வு தாழ்ந்தது. அந்த மாணவியை நான் குறை சொல்லமாட்டேன். அவரிடம் கேட்கப்பட்டதை அவர் கொடுத்தார்.

இனி, 30. இந்த எண் எங்கிருந்து வந்தது என்பதைச் சுற்றறிக்கை விளக்கவில்லை. புள்ளியியல் பாடநூல்களில் பெருமாதிரி என்று கொள்வதற்கு நடைமுறையில் சொல்லப்படும் எல்லை 30. அதன் பின்னணியில் இருப்பது மாதிரிச் சராசரிகளின் பரவல் குறித்த தருக்கம். நேர்காணல் ஆய்வு சராசரி எதையும் மதிப்பிடுவதில்லை என்பதால் அந்தத் தருக்கத்துக்கு இங்கே வேலையே இல்லை. சமூகவியலாளர்களான பார்னி கிளேசரும் ஆன்செல்ம் ஸ்ட்ராஸும் 1967இல் நிறைவுநிலை என்ற கருத்தை முன்வைத்தபோது, உருவாகிவரும் ஒரு கருத்தினத்தின் பண்புகளைப் புதிய தரவு மேலும் வளர்க்காத நிலையையே அவ்வாறு குறித்தார்கள். அடுத்து யாரைச் சந்திப்பது என்பதையே அதுவரை செய்த பகுப்பாய்வுதான் முடிவு செய்யும் என்பது அவர்களின் வழி. எனவே எத்தனை பேர் என்பதை ஆய்வுத் திட்டம் எழுதும் நாளிலேயே விதியால் கட்டிவைப்பது அவர்களின் கருத்துக்கே எதிரானது. கிரெக் கெஸ்ட்டும் உடனாய்வாளர்களும் 2006இல் வெளியிட்ட கட்டுரையில், தாம் நடத்திய 60 நேர்காணல்களைத் திரும்ப ஆராய்ந்து, முதல் 12 நேர்காணல்களுக்குள்ளேயே பெரும்பான்மையான குறியீடுகள் கிடைத்துவிட்டதாகக் காட்டினார்கள். ஓரளவு ஒரே தன்மையுடைய குழுவுக்கும் குறுகிய நோக்கத்துக்குமே அது பொருந்தும் என்பதையும் அவர்களே சொன்னார்கள். ஆகவே 12ஐயும் விதியாக்கக் கூடாது. எண்ணிக்கைக்கு மாணவர் காரணம் சொல்ல வேண்டும், அந்தக் காரணம் அவருடைய ஆய்வுக் கேள்வியிலிருந்து வர வேண்டும். வாய்மொழித் தேர்வில் புறத் தேர்வாளர் "ஏன் இத்தனை பேர் மட்டும்?" என்று கேட்கும்போது மாணவர்கள் வாயடைத்துப் போவதை நான் கண்டிருக்கிறேன். அதற்கு மருந்து அவர்களுக்கு விடை சொல்லக் கற்றுத்தருவது. தாங்களோ கேள்வியே எழாதபடி ஓர் எண்ணை நிர்ணயித்திருக்கிறீர்கள். கால எல்லையை நீட்டாமல் எண்ணிக்கையை மட்டும் உயர்த்தினால் என்ன நடக்கும் என்பதை ஊகிக்கக் கடினமில்லை: நேர்காணல்கள் சுருங்கும், ஆழமிழக்கும், ஒரே சந்திப்பில் முடியும், வினாநிரல் வாய்வழி நிரப்பும் படிவமாகிவிடும்.

என்னை மிகவும் கலங்கவைப்பது அறநெறிப் பயிற்சியின் நிலை. அதை ஓர் இணையவழி வினாடி வினாவாக மாற்றியிருக்கிறீர்கள். மருந்தோ ஊசியோ இல்லாத ஆய்வில் யாருக்கும் தீங்கு நேராது என்று நினைப்பது எளிது. ஆனால் அமெரிக்கச் சமூகவியலாளர் லாட் ஹம்ப்ரீஸின் ஆய்வைப் பாருங்கள்; அது 1970இல் நூலாக வந்தது. பொதுக் கழிப்பிடங்களில் ஆண்களுக்கிடையே நிகழ்ந்த பாலுறவுச் சந்திப்புகளை அவர் கவனித்தார்; அங்கு வந்தவர்களின் வாகன எண்களைக் குறித்துக்கொண்டு முகவரிகளைத் தேடினார்; பிறகு தோற்றத்தை மாற்றிக்கொண்டு, உடல்நலக் கணக்கெடுப்பு என்ற பெயரில் அவர்கள் வீட்டுக்கே போய்ப் பேசினார். அவர்களின் பெயர்களை அவர் வெளியிடவில்லை. ஆயினும் அவர்களின் வாழ்க்கையைக் குலைத்துவிடக்கூடிய ஓர் ஆவணத்தை, அவர்கள் அறியாமலேயே உருவாக்கி வைத்திருந்தார். அந்த விவாதம் இன்றுவரை முதுநிலை வகுப்புகளில் நடக்கிறது என்றால், ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்குவதோடு பொறுப்பு முடிவதில்லை என்பதை ஒவ்வொரு தலைமுறை மாணவரும் தாமே சிந்தித்துத்தான் உணர வேண்டியிருக்கிறது.

எங்கள் மாணவர்கள் எதிர்கொள்பவை இதைவிடச் சிறியவையாகத் தோன்றலாம். பேசியவர்களுக்கு அவை சிறியவை அல்ல. நேர்காணலின் நடுவே ஒருவர் அழத் தொடங்கினார். பதிவை நிறுத்துவதா, தொடர்வதா, என்ன சொல்வது என்று தெரியாமல் அடுத்த கேள்விக்குப் போய்விட்டதாக ஒரு மாணவர் என்னிடம் சொல்லும்போது அவரும் கண்கலங்கினார். இன்னோர் ஆய்வேட்டில் பெயர்கள் மாற்றப்பட்டிருந்தன; ஆனால் பணியிடம் சிறியது, பதவியும் வயதும் குறிப்பிடப்பட்டிருந்தன, மேலதிகாரியைப் பற்றிய புகார் அப்படியே மேற்கோளாக இருந்தது. அந்த இடத்தில் வேலை செய்யும் எவரும் பேசியவர் யார் என்று ஒரு நிமிடத்தில் கண்டுபிடித்திருப்பார்கள். அண்மையில் சிலர் முழு நேர்காணல் படிகளையும் செயற்கை நுண்ணறிவுச் செயலிகளில் ஏற்றிக் கருப்பொருள்களைக் கேட்டு வாங்குகிறார்கள். தம் பேச்சு ஒரு வெளி நிறுவனத்தின் கணினிக்குப் போகும் என்று பேசியவருக்கு யாரும் சொல்லவில்லை. ஒப்புதல் படிவத்திலும் அது இல்லை. இவற்றில் எதுவுமே வினாடி வினாவில் கேட்கப்படும் கேள்வியாக இல்லை. இவை எல்லாமே எங்கள் பழைய பாடத்தில், களத்துக்குப் போகும் முன்பும் திரும்பி வந்த பின்பும், ஒவ்வொரு மாணவரின் ஆய்வையும் முன்வைத்துப் பேசப்பட்டன.

ஆசிரியர் பற்றாக்குறையும் மாணவர் எண்ணிக்கை உயர்வும் இந்த முடிவுக்குக் காரணங்கள் என்று அறிகிறேன். அவை உண்மையான நெருக்கடிகள். அவற்றை நான் குறைத்து மதிப்பிடவில்லை. வரிவரியாகப் படித்துக் கருத்துச் சொல்வதற்கு ஆசிரியரின் நேரம் நிறையச் செலவாகும் என்பதும் மெய். ஆனால் அதே நெருக்கடியில் புள்ளியியல் பாடத்தின் கணினி ஆய்வக நேரத்தில் ஒரு மணியும் குறைக்கப்படவில்லை. தரவுத்தொகுப்பு எதையும் தொடாமலே தொடர்புப்போக்குப் பகுப்பாய்வைக் கற்றுக்கொள்ளலாம் என்று எவரும் முன்மொழியவும் இல்லை. அது சரியான முடிவு. எண்சார் முறைகளை நானும் மதிக்கிறேன், என் ஆய்விலும் அவற்றுக்கு இடம் உண்டு. ஒரு முறையைச் செய்தே கற்க வேண்டும் என்று ஏற்றுக்கொள்ளும் குழு, இன்னொன்றைக் கேட்டே கற்றுக்கொள்ளலாம் என்று எந்த அடிப்படையில் முடிவு செய்தது என்பதற்கு விளக்கம் கேட்கும் உரிமை எங்களுக்கு இருக்கிறது.

ஆகவே என் கோரிக்கைகளைத் தெளிவாக வைக்கிறேன். தனிப்பாடத்தை நீக்கும் முடிவை அடுத்த சேர்க்கைக்கு முன் நிறுத்திவையுங்கள். பொதுப்பாடமாகத்தான் இருக்க வேண்டும் என்றால், குறைந்தபட்சம் ஒரு நேர்காணலும் ஓர் உற்றுநோக்கலும் ஒவ்வொரு மாணவருக்கும் கட்டாயமாக இருக்கட்டும். அவற்றின் எழுத்தாக்கமும் களக்குறிப்பும் சிறு குழுக்களில் படித்துத் திருத்தப்படட்டும். ஆசிரியர் எண்ணிக்கை போதாது என்றால் முனைவர் பட்ட ஆய்வாளர்களை இப்பணியில் ஊதியத்தோடு அமர்த்துங்கள். முன்வரக்கூடியவர்கள் இருக்கிறார்கள், நானும் வருவேன். கொள்குறி வினாத் தேர்வை விலக்கி, மாணவர் தாமே தொகுத்த தரவையும், அதைத் தொகுத்த விதம் குறித்த அவருடைய சிந்தனைக் குறிப்பையும் மதிப்பிடுங்கள்.

30 நேர்காணல்கள் என்ற விதியையும் எல்லோருக்கும் பொதுவான உடன்பாட்டு எண் விதியையும் முற்றாகத் திரும்பப் பெறுங்கள். அவற்றுக்குப் பதிலாக, மாதிரியின் அளவுக்கும் பகுப்பாய்வு வழிக்கும் மாணவர் எழுத்தில் காரணம் காட்ட வேண்டும் என்றும், அந்தக் காரணம் அவர் தேர்ந்த முறையியல் மரபுக்குப் பொருந்துகிறதா என்றே தேர்வாளர் பார்க்க வேண்டும் என்றும் விதியுங்கள். நேர்காணல் படிகளை வெளிச் செயலிகளில் ஏற்றுவது குறித்து, ஒப்புதல் படிவத்தில் இடம்பெற வேண்டிய வாசகத்துடன் எழுத்துவடிவ வழிகாட்டுதல் ஒன்றை இந்தப் பருவத்துக்குள் வெளியிடுங்கள். நேர்காணலின்போது பேசுபவர் மனம் உடைந்தால் மாணவர் உடனே யாரைத் தொடர்புகொள்வது என்பதும் அதில் இருக்க வேண்டும்.

இந்த முடிவு எந்தத் தரவின் அடிப்படையில், யாரிடம் கருத்துக் கேட்டு எடுக்கப்பட்டது என்பதைக் காட்டும் கூட்டக் குறிப்புகளை மாணவர்களுக்குத் தாருங்கள். இறுதி முடிவுக்கு முன், பாடத்தை நடத்தியவர்களும் அதில் படித்தவர்களும் பேசக்கூடிய கூட்டம் ஒன்றைக் கூட்டி, அதற்கான தேதியை எழுத்தில் அறிவியுங்கள்.

இப்படிக்கு,
இத்துறையின் முன்னாள் முதுநிலை மாணவியும் இந்நாள் முனைவர் பட்ட ஆய்வாளரும்